பாதாளக் குகைக்குள் மாயலோகத் திருவிழா சாத்தியமா? பெலும் குகை முன்வைக்கும் கணக்கு

சந்திரகிரி (ஆந்திரப் பிரதேசம்): மந்திரவாதிகள், பூதங்கள், நாகலோகம், பேசும் பதுமைகள் எனக் கற்பனை உலகைக் கருப்பொருளாகக் கொண்ட விழாக்களை நிலத்தடிக் குகைகளில் நடத்தும் வழக்கம் வெளிநாடுகளில் சில இடங்களில் நிலவி வருகிறது. இருளும் எதிரொலியும் சொட்டும் நீரும் இயல்பாகவே அமைந்த இடத்தில் அரங்க அமைப்பாளருக்குப் பாதி வேலை மிச்சம். ஆந்திரப் பிரதேசத்திலும் அத்தகைய ஒரு குகை இருக்கிறது. நந்தியால் மாவட்டம் கொலிமிகுண்ட்லா மண்டலத்தில், விளைநிலங்களுக்கு அடியில் நீண்டு கிடக்கும் பெலும் குகையே அது. அங்கே ஒரு மாயலோக விழாவை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு விடை, செலவிலோ விளம்பரத்திலோ இல்லை. குகைக்குள் உள்ள காற்றில் இருக்கிறது.

சந்திரகிரியில் ஏன் இல்லை?

திருப்பதிக்கு அருகில் உள்ள சந்திரகிரிக் கோட்டைக்கு வருவோர் பலர், ராஜ மகாலையும் ராணி மகாலையும் பார்த்துவிட்டு அடுத்துக் கேட்பது சுரங்கப்பாதை பற்றித்தான். பழங்கோட்டை என்றால் அதன் அடியில் ஒரு இரகசிய வழி இருக்க வேண்டும் என்பது தென்னிந்தியாவில் ஏறக்குறைய எழுதப்படாத விதி. விஜயநகர அரசின் இறுதிக் காலத் தலைநகரங்களுள் ஒன்றான சந்திரகிரிக்கு அந்த ஆவலைத் தூண்டும் தகுதி உண்டு. 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரை நிலம் கைமாறிய வரலாற்றோடும் இக்கோட்டையின் பெயர் இணைத்தே பேசப்படுகிறது.

ஆனால் இயற்கையான பெருங்குகை இங்கே உருவாவதற்கு வாய்ப்புக் குறைவு. காரணம் பாறை. சந்திரகிரிக் கோட்டை எழுந்து நிற்கும் குன்று கருங்கல்லால் ஆனது. திருமலையின் மேற்பகுதியில் இருப்பது குவார்ட்சைட் எனப்படும் கெட்டியான படிகப் பாறை. இவ்விரண்டும் மழைநீரில் எளிதில் கரைவதில்லை. வெடிக்கும், பிளக்கும், உருளும், அவ்வளவுதான். பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் இடைவெளிகளும், தலகோனா போன்ற இடங்களில் காணப்படும் சிறு முழைகளும் அவ்வாறு உண்டானவையே. கிலோமீட்டர் கணக்கில் நீளும் குகை வேண்டுமானால் சுண்ணாம்புப் பாறை வேண்டும். சந்திரகிரியிலிருந்து வடக்கே கடப்பையைக் கடந்து, 250 கி.மீ.க்கும் மேல் பயணம் செய்தால்தான் அந்தப் பாறைத் தளத்தை அடைய முடியும்.

வயலுக்கு அடியில் ஒரு நகரம்

பெலும் குகையை முதன்முறையாகக் காண்பவர்கள் சற்று ஏமாறுவதுண்டு. மலை இல்லை, அருவி இல்லை. சமதளமான நிலத்தில் கிணறு போன்ற பள்ளங்கள் மட்டுமே தெரிகின்றன. அவற்றுள் நடுவில் உள்ள பள்ளமே வாயில். படிகளில் இறங்கியதும் கருநிறச் சுண்ணாம்புப் பாறையில் நீர் குடைந்த நெடிய வழிகள் தொடங்குகின்றன. அளந்தறியப்பட்ட நீளம் 3,229 மீட்டர். இதில் சுமார் ஒன்றரை கி.மீ. தூரம் மட்டுமே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. 'பாதாள கங்கை' எனப்படும் மிகத் தாழ்வான பகுதி, வாயில் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 46 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அங்கே ஓடும் நீர் மேலும் கீழிறங்கிக் கண்ணிலிருந்து மறைகிறது.

ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில், இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான ராபர்ட் புரூஸ் ஃபூட் 1884ஆம் ஆண்டில் இக்குகையைப் பற்றிக் குறிப்பிட்டார். சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்ற வகையில் தமிழக வாசகர்களுக்கு அவர் அறிமுகமானவரே. அதன்பின் ஒரு நூற்றாண்டு காலம் பெரிய ஆய்வு எதுவும் இல்லை. 1982, 1983 ஆண்டுகளில் எச். டேனியல் கெபவுர் தலைமையிலான ஜெர்மானியக் குழுவினர் உள்ளே இறங்கி விரிவாக அளந்து வரைபடம் வரைந்தனர். இடைப்பட்ட காலத்தில் குகையின் பள்ளங்கள் சுற்றுப்புறத்துக் கழிவுகளைக் கொட்டும் இடமாகவே இருந்தன. உள்ளூர் மக்கள் சிலரின் தொடர் முயற்சியால் அந்நிலை மாறியது. 1999இல் ஆந்திரப் பிரதேசச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் குகையைப் பொறுப்பேற்று, சேற்றையும் குப்பையையும் அகற்றி, நடைபாதையும் விளக்குகளும் அமைத்து, 2002 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்தது. குப்பைக் குழியாக இருந்து மீட்கப்பட்ட இடம் என்பதை, விழா பற்றிய எந்தப் பேச்சிலும் நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது.

உள்ளே உள்ள கூடங்களின் பெயர்களே ஒரு மாயக்கதையின் அத்தியாயத் தலைப்புகளைப் போல ஒலிக்கின்றன. சிங்கத்தலை போன்ற வளைவுக்கு 'சிம்மத்துவாரம்'. விதானம் முழுவதும் படமெடுத்த நாகங்களைப் போலத் தோன்றும் கூடத்துக்கு 'வேயி படகலு', அதாவது ஆயிரம் படங்கள். எண்ணற்ற இலிங்க வடிவங்கள் நிற்கும் 'கோடிலிங்கம்'. விழுதுகள் இறங்கியது போன்ற 'ஆலமரக் கூடம்'. மரத்துண்டாலோ விரல் மூட்டாலோ மெல்லத் தட்டினால் இசையெழுப்பும் கற்கள் கொண்ட 'சப்தஸ்வரக் குகை'. தனியாக அரங்கம் அமைக்க வேண்டிய தேவை ஏதும் இல்லை என்று விழா அமைப்பாளர் ஒருவர் நினைத்தால் அவரைக் குறை கூற முடியாது.

பிலம் என்னும் சொல்

பெலும் என்ற பெயர், குழி அல்லது வளை எனப் பொருள்படும் 'பிலம்' என்ற வடசொல்லிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது. அச்சொல் தமிழுக்கும் புதிதன்று. கம்பராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில் 'பிலம் புக்கு நீங்கு படலம்' என்றே ஒரு படலம் உண்டு. சீதையைத் தேடிச் செல்லும் வானரர்கள் தாகத்தால் வாடி, இருண்ட பிலம் ஒன்றினுள் நுழைகின்றனர். உள்ளே மயன் அமைத்த பொன்னகரத்தைக் காண்கின்றனர். சுயம்பிரபை என்னும் தவமகளைச் சந்திக்கின்றனர். நுழைந்தவர்கள் தாமாக வெளியேற முடியாத இடம் அது. முடிவில் அனுமன் பேருருக் கொண்டு பிலத்தைப் பிளந்தே வழி உண்டாக்குகிறான். நிலத்தடியில் மாயநகரம் என்ற கற்பனையையும், அங்கிருந்து வெளியேறுவதே பெரும்பாடு என்ற எச்சரிக்கையையும் ஒரே படலத்தில் வைத்த கவிஞரின் நிதானம் வியப்புக்குரியது.

இருபதாம் நூற்றாண்டில் அதே கற்பனையைத் திரைக்குக் கொண்டுவந்தது 1951இல் வெளியான 'பாதாள பைரவி'. கே.வி. ரெட்டி இயக்கத்தில் விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த இப்படத்தில், என்.டி. ராமராவ் நாயகனாகவும் எஸ்.வி. ரங்காராவ் நேபாள மாந்திரீகனாகவும் நடித்தனர். நிலத்தடியில் உறையும் தேவியின் அருளைத் தேடி இறங்கும் கதை அது. தயாரிப்பாளர்களான நாகிரெட்டியும் சக்கரபாணியுமே 1947 ஜூலையில் 'சந்தமாமா', 'அம்புலிமாமா' இதழ்களைத் தொடங்கியவர்கள். இரு மொழிக் குழந்தைகளும் ஒரே வேதாளத்தையும் ஒரே பாதாளத்தையும் படித்து வளர்ந்ததற்கு அவர்களே காரணம். பின்னர் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் மந்திரச் சொல்லுக்குத் திறக்கும் குகை வந்தது. ஆகவே குகைக்குள் மாயலோக விழா என்பது மேற்கிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய எண்ணம் அன்று. கற்பனை இங்கேயே இருக்கிறது. இல்லாதது, அக்கற்பனையைக் குகைக்குள் பாதுகாப்பாக நடத்திய பட்டறிவுதான்.

நடத்தியவர்கள் யார்?

ஸ்லோவேனியாவின் போஸ்தொய்னா குகையில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆண்டுதோறும் விழா நடந்தது. மெழுகுவர்த்தி ஒளியில் மக்கள் நடனமாடிய கூடம் இன்றும் 'நடனக் கூடம்' என்றே அழைக்கப்படுகிறது. 1872 முதல் குகைக்குள் தண்டவாளம். 1884 முதல் மின்விளக்கு. அங்குள்ள இசைக் கூடத்தில் ஒரே நேரத்தில் 10,000 பேர் வரை நிற்க முடியும். கிறிஸ்துமஸ் காலத்தில் உயிருள்ள நடிகர்களைக் கொண்டு இயேசு பிறப்புக் காட்சிகள் குகை முழுவதும் அரங்கேற்றப்படுகின்றன. குகை நீரில் வாழும் 'ஓல்ம்' என்ற கண்பார்வையற்ற நீர்ப்பல்லியை அப்பகுதி மக்கள் ஒரு காலத்தில் டிராகனின் குஞ்சு என்று நம்பினர். 2016இல் அது இட்ட முட்டைகள் பொரிந்தபோது உலக ஊடகங்கள் 'டிராகன் குட்டிகள்' பிறந்ததாகவே எழுதின. மாயக்கதையை விற்பதில் போஸ்தொய்னாவுக்கு இணை குறைவு.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கம்பர்லேண்ட் குகையின் 'எரிமலை அறை' என்னும் கூடத்தில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் 2008 முதல் நாட்டுப்புற இசை நிகழ்ச்சிகள் நடந்தன. 2018இல் அவை பெல்ஹாம் என்ற ஊரில் உள்ள வேறொரு குகைக்கு மாற்றப்பட்டன. லெபனானின் ஜெய்தா குகையில் மேல்தளம் 1969இல் திறக்கப்பட்டபோது இசை நிகழ்ச்சி நடத்தப்பட்டது.

மாயலோகக் கருப்பொருளுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு, லண்டனின் தென்கிழக்கே உள்ள சிசல்ஹர்ஸ்ட் குகைகள். வாள், கேடயம், மந்திரவாதி அங்கி ஆகியவற்றுடன் பங்கேற்பாளர்களே கதாபாத்திரங்களாக மாறி விளையாடும் நிகழ்வுகள் அங்கே 1980களிலிருந்து நடந்து வருகின்றன. அதற்கு முன்பு 1960களில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அங்கே இசை நிகழ்ச்சி நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கானோர் குண்டுவீச்சிலிருந்து தப்பிக்க அங்கேயே தங்கினர். ஆனால் பெயரில்தான் அது குகை. உண்மையில் அது சுண்ணக்கல்லுக்காகவும் தீக்கல்லுக்காகவும் மனிதர் வெட்டிய பழைய சுரங்கம். அங்கே சொட்டும் நீரால் வளரும் கல் விழுதுகள் இல்லை. கூட்டத்தால் கெடக்கூடிய நுண்மையான இயற்கை அமைப்பு அங்கே மிகக் குறைவு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, 'லண்டனில் நடக்கிறதே' என்று பெலும் குகைக்கு ஒப்புமை காட்டுவது தவறான இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

காற்றின் கணக்கு

பெலும் குகையில் நடந்து வந்தவர்கள் முதலில் சொல்வது அங்குள்ள புழுக்கத்தைப் பற்றி. ஆழமான குகையின் வெப்பநிலை, அப்பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைக்கு நெருக்கமாக இருக்கும். போஸ்தொய்னாவில் அது சுமார் 10 டிகிரி செல்சியஸ். இராயலசீமையின் நிலத்தடியில் அந்தக் குளிர்ச்சிக்கு இடமில்லை. ஈரப்பதமும் மிகுதி. பெலும் குகையில் குறிப்பிட்ட இடங்களில் குழாய் வழியே மேலிருந்து காற்று செலுத்தப்படுகிறது. நடந்து செல்வோர் அந்த இடங்களில் சற்று நின்று மூச்சு வாங்குவது வழக்கம். தற்போது வரும் பார்வையாளர்கள் நகர்ந்துகொண்டே இருக்கும்போதே நிலைமை இதுதான்.

இனி ஒரு விழாவை எண்ணிப் பார்க்கலாம். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறார். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் கொண்ட ஒரு கூடத்தின் கொள்ளளவு 1,000 கன மீட்டர். அதில் 200 பேர் இரண்டு மணி நேரம் வெறுமனே அமர்ந்திருந்தால் 7.2 கன மீட்டர் கரியமில வாயு சேரும். காற்று மாறாத நிலையில் அது 0.72 சதவீதம். வெளிக்காற்றில் அதன் அளவு 0.04 சதவீதத்தை ஒட்டியே உள்ளது. எட்டு மணி நேரப் பணியிடங்களுக்கு அமெரிக்காவில் வைத்துள்ள உச்சவரம்பு 0.5 சதவீதம். அந்த 200 பேரும் அமராமல் ஆடினால் வெளியேறும் வாயு மூன்று மடங்காகும். கூடத்தின் அளவு இரண்டு சதவீதத்தைத் தாண்டிவிடும். தலைவலி, மூச்சிரைப்பு ஆகியவை அப்போது தொடங்கும்.

வெப்பமும் சேர்ந்தே வருகிறது. அமர்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளிப்படும். 200 பேர் என்றால் 20 கிலோவாட். ஆயிரம் வாட் திறனுள்ள 20 அடுப்புகளை மூடிய அறையில் எரியவிட்டதற்குச் சமம். மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் நீராவியை ஆளுக்கு மணிக்கு 50 கிராம் என்று வைத்தால்கூட, இரண்டு மணி நேரத்தில் 20 லிட்டர். வீடுகளுக்கு வரும் ஒரு பெரிய தண்ணீர்க் கேனின் அளவு நீர், குகைச் சுவரில் படியக் காத்திருக்கிறது.

இங்கேதான் மனிதருக்கான ஆபத்து முடிந்து குகைக்கான ஆபத்து தொடங்குகிறது. மழைநீர் மண்ணில் உள்ள கரியமில வாயுவை உள்வாங்கிச் சற்றே அமிலத்தன்மை பெறுகிறது. கீழிறங்கும்போது சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குகையின் விதானத்தில் வந்து தொங்கும் துளி, வாயுவைக் குகைக் காற்றில் விட்டுவிடுகிறது. அப்போது கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. கல் விழுது வளர்வது இப்படித்தான். பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே அது வளரும். ஒரு சாண் நீளத்துக்கு ஈராயிரம் ஆண்டுகள் ஆகலாம். குகைக் காற்றிலேயே கரியமில வாயு மிகுந்துவிட்டால் துளியால் வாயுவை வெளிவிட முடிவதில்லை. படிவது நிற்கிறது. சுவரில் படிந்த நீராவி அந்த வாயுவை உறிஞ்சி, ஏற்கெனவே உருவான கல்லையும் அரிக்கத் தொடங்குகிறது.

பத்துமலையில் எப்படி முடிகிறது?

'தைப்பூசத்தன்று பத்துமலையில் இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்களே' என்ற கேள்வி தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் எழுவது இயல்பு. மலேசியாவில் கோலாலம்பூர் அருகே உள்ள பத்துமலைக் குகையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைக் கடந்து, 272 படிகள் ஏறினால் கோயில் குகை. பெலும் குகைக்கு இறங்க வேண்டும். பத்துமலைக்கு ஏற வேண்டும். அந்த ஒரு வேறுபாட்டிலேயே விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. கோயில் குகையின் விதானம் ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். வாயில் மிக அகலம். மேலே திறந்த துளைகளின் வழியே வெயிலும் மழையும் உள்ளே வருகின்றன. சூடான காற்று மேலே எழுந்து தானாக வெளியேறுகிறது. அது ஒரு திறந்த மண்டபத்தைப் போன்றது.

மலையடிவாரத்தில் உள்ள இராமாயணக் குகையில், வண்ண விளக்குகளுக்கிடையே இராமகாதைக் காட்சிகள் சிற்பங்களாக வைக்கப்பட்டுள்ளன. உறங்கும் கும்பகர்ணனின் பேருருவம் அங்கே புகழ்பெற்றது. புராணக் கற்பனையைக் குகைக்குள் நிரந்தரமாக அமைத்துக் காட்டிய தமிழர் முயற்சிக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் அதே மலையில், கோயில் குகைக்கு வெகு அருகில், 'இருட்டுக் குகை' என்ற மற்றொன்றும் உள்ளது. அரிய பொறிக்கதவுச் சிலந்தி உள்ளிட்ட உயிரினங்களின் உறைவிடமான அக்குகையில் விளக்கோ சிலையோ வைக்கப்படவில்லை. சிறு குழுக்களாக வழிகாட்டியுடன் நடந்த பார்வையும் 2019இல் நிறுத்தப்பட்டது. ஒரே மலைக்குள் ஒரு குகை மக்களுக்கு, ஒரு குகை கதைக்கு, ஒரு குகை அதன் உயிர்களுக்கு என்ற பங்கீடு, திட்டமிட்டு வந்ததோ தானாக அமைந்ததோ, பெலும் குகைக்குக் கிடைக்காத வசதி.

ஆந்திராவிலும் குகைத் திருவிழா உண்டு. அனந்தகிரி மலைத்தொடரில் உள்ள போரா குகையில், சிவலிங்கமாக வழிபடப்படும் கல்வடிவத்தைக் காண மகா சிவராத்திரியன்று சுற்றுவட்டாரப் பழங்குடி மக்கள் திரள்கின்றனர். அதன் வாயிலும் விசாலமானது. பகல் வெளிச்சம் வெகுதூரம் உள்ளே செல்லும்.

ஒளி, நூலிழை, நொறுவல்

மாயலோகம் என்றாலே வண்ண விளக்கு. குகையில் அதுவும் எளிதன்று. தொடர்ந்து ஒளி படும் ஈரச் சுவரில் பாசி படர்கிறது. உலகெங்கும் சுற்றுலாக் குகைகளில் விளக்கைச் சுற்றிப் பச்சைத் திட்டுகள் தோன்றுவது இதனால்தான். பாசி வெளியிடும் அமிலமும் கல்லை அரிக்கும். சுரண்டி எடுத்தால் கல்லும் சேர்ந்து வரும்.

ஆடையிலிருந்து உதிரும் நூலிழையும் முடியும்கூடக் கணக்கில் வருகின்றன. அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகைகளில் பார்வையாளர்களிடமிருந்து உதிர்ந்த இழைகளைப் பொறுக்கி எடுக்கவே தன்னார்வலர்கள் முகாம் நடத்துகின்றனர். 2024இல் அதே குகையில் யாரோ தவறவிட்ட ஒரு பொட்டலம் சோள நொறுவல், ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பூத்து, பூச்சிகளைக் கூட்டி, தரையிலும் கல்வடிவங்களிலும் பரவியதாக அப்பூங்கா நிர்வாகம் தெரிவித்தது. ஒரு பொட்டலத்துக்கே அந்நிலை என்றால், மிளகாய் பஜ்ஜிக் கடைகள் இல்லாத இராயலசீமைத் திருவிழாவை எவராலும் கற்பனை செய்ய முடியுமா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கற்பூரம், தீவட்டி, புகை எழுப்பும் கருவி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. புகைக்கரி ஒருமுறை கல்லில் படிந்தால் படிந்ததுதான்.

இதன் உச்சகட்டப் பாடம் பிரான்சின் லாஸ்கோ குகை. 1940இல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் தொல்பழங்கால ஓவியங்கள் 1948இல் மக்களுக்குத் திறக்கப்பட்டன. நாள்தோறும் சுமார் 1,200 பேர் வந்தனர். யாரும் ஆடவில்லை, பாடவில்லை. வெறுமனே நின்று பார்த்து மூச்சு விட்டனர். பாசியும் படிவும் ஓவியங்களைத் தொடத் தொடங்கியதால் 1963இல் குகை மூடப்பட்டது. 1983இல் அருகிலேயே அதன் நகல் ஒன்று அமைக்கப்பட்டது. இன்று பயணிகள் காண்பது நகலையே.

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு வௌவால்

குகை வௌவால்கள் ஒலியாலும் வெளிச்சத்தாலும் எளிதில் கலைபவை. இனப்பெருக்கக் காலத்தில் கலைந்தால் குட்டிகளைக் கைவிடும். இதற்கு எடுத்துக்காட்டுத் தேட வெகுதொலைவு செல்ல வேண்டாம். சித்தூர் மாவட்டத்தை ஒட்டியுள்ள கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், அனுமனஹள்ளி என்ற ஊரில் உள்ள ஒரே ஒரு குகையில் 'கோலார் இலைமூக்கு வௌவால்' வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இருப்பதாக இன்று அறியப்படவில்லை. எண்ணிக்கை 200க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளது. கருங்கல் வெட்டும் பணியால் அக்குகைக்கு நேர்ந்த அச்சுறுத்தலைத் தொடர்ந்தே அங்கு பாதுகாப்பு நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. ஒரு குகையின் அழிவு ஓர் இனத்தின் முடிவாகிவிடக்கூடும் என்பதற்கு அண்டை மாவட்டமே சாட்சி. ஆந்திரக் குகைகளின் நிலத்தடி நீரிலும் கண்ணற்ற, நிறமற்ற சிறிய ஓட்டுயிரிகளை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவற்றுக்கு ஒலிபெருக்கி வேண்டாம். கொட்டப்படும் சோப்பு நீரே போதும்.

வெளியேறும் வழி

விழா அமைப்பாளர்களுக்கு மிகக் கடினமான கேள்வி இதுவே. பெலும் குகைக்குப் பார்வையாளர்கள் இறங்கும் வழியிலேயே ஏறவும் வேண்டும். சில இடங்களில் குனிந்து, ஒருவர் பின் ஒருவராகவே செல்ல முடியும். மின்சாரம் தடைபட்டால் குகையில் நிலவுவது இரவின் இருள் அன்று. கண் எவ்வளவு நேரம் பழகினாலும் எதுவும் தெரியாத முழு இருள். அந்நேரத்தில் ஓர் அலறல் எதிரொலித்தால் அது எத்திசையிலிருந்து வருகிறது என்று கணிக்க இயலாது.

அடுத்தது நீர். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரும் திடீர் மழை வெள்ளத்தால் உள்ளேயே சிக்கினர். பல நாடுகளின் முக்குளிப்பு வல்லுநர்கள் திரண்டும், அனைவரையும் மீட்டு முடிக்க ஜூலை 10 ஆனது. மீட்புப் பணியின்போது தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் ஒருவர் உயிரிழந்தார். சத்தீஸ்கரின் குட்டும்சர் குகை மழைக்காலத்தில் மூடப்படுவதும் இந்த அச்சத்தால்தான். வயலுக்கு அடியில் உள்ள பெலும் குகை நீரால் குடையப்பட்டது. நீருக்கு அந்த வழி இன்னும் மறக்கவில்லை. எனவே தென்மேற்குப் பருவமழையும் அதைத் தொடரும் வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்த பின்னர், கோடை வெப்பம் ஏறுவதற்கு முன்னர் உள்ள சில வாரங்களே எந்த நிகழ்வுக்கும் ஏற்றவை.

எவ்வடிவில் நடத்தலாம்?

இவ்வளவுக்குப் பின்னும் விழா வேண்டாம் என்ற முடிவுக்கு வரத் தேவையில்லை. விழாவை எங்கே வைப்பது என்பதே கேள்வி. பெலும் குகையின் மேலே பரந்த வெளியும் வெகுதூரம் தெரியும் புத்தர் சிலையும் உள்ளன. மேடை, மந்திரவாதி வேடம், பொம்மலாட்டம், தோல்பாவைக் கூத்து, தின்பண்டம், ஒலிபெருக்கி ஆகிய அனைத்தையும் அங்கே வைக்கலாம். ஆந்திரத் தோல்பாவைக் கூத்தான தோலு பொம்மலாட்டத்துக்கு இருளும் ஒரு விளக்கும் போதும். பாதாள உலகைக் காட்ட அதைவிடப் பொருத்தமான கலை வேறு எது? கீழே, இப்போது போலவே, சிறு குழுக்கள் நிற்காமல் நடந்து செல்லலாம். கதைசொல்லி ஒருவர் ஒலிபெருக்கியின்றி உடன் செல்லலாம். நிலையான விளக்குகளுக்குப் பதிலாக, குழு வரும்போது மட்டும் எரியும் குறைந்த வெப்ப விளக்குகளைப் பயன்படுத்தலாம். கரியமில வாயுவை அளக்கும் கருவியின் எண்ணே அன்றைய அனுமதிச் சீட்டின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். கோட்டைகளில் ஒலி-ஒளிக் காட்சியும், அருகிலுள்ள கண்டிக்கோட்டையில் மரபு விழாவும் நடத்திய அனுபவம் ஆந்திர அரசுத் துறைகளுக்கு ஏற்கெனவே உண்டு.

சட்டத்தின் நிலை இன்னும் தெளிவாகவில்லை. கோயிலும் கோட்டையும் தொல்லியல் சட்டத்தின் பாதுகாப்பில் வருகின்றன. மனிதர் கட்டாத, இயற்கை செதுக்கிய நிலவியல் சின்னங்களுக்கென மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ஒரு குகையில் எத்தனை பேர் மூச்சு விடலாம் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு, இன்றைய நிலையில், பெரும்பாலும் அதைப் பராமரிக்கும் நிர்வாகத்தின் கையிலேயே இருக்கிறது.

பெலும் செல்வது எப்படி?

சந்திரகிரி, திருப்பதியிலிருந்து சாலை வழியாகக் கடப்பை, ஜம்மலமடுகு வழியே பெலும் குகையை அடையலாம். வழியில் பெண்ணை ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் அமைந்த கண்டிக்கோட்டையையும் காண முடியும். அருகிலுள்ள இரயில் நிலையம் தாடிபத்ரி. அங்கிருந்து சுமார் 30 கி.மீ. இதய நோயும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் ஆழமான பகுதிகளைத் தவிர்ப்பது நல்லது. பருத்தி ஆடையும் வழுக்காத காலணியும் அவசியம். குடிநீரை மேலேயே அருந்திவிட்டு இறங்கலாம். சப்தஸ்வரக் குகையில் கல்லைத் தட்டிப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் எழும். வழிகாட்டி தட்டும்போது கேட்டால் போதுமானது.